ஆபரேஷன் காலையில் ஒரு சொம்பு இஞ்சி டீ

சென்ற வாரம், நர்ஸ் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் ஒருத்தி எனக்குப் போன் செய்தாள். "சிஸ்டர், ஆபரேஷனுக்கு அப்புறம் வாந்தி வராம இருக்க இஞ்சி குடுக்கலாமா? நீங்க இருந்தப்ப குடுத்தீங்களாமே?" என்று கேட்டாள். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. "குடுக்கலாம், தாராளமா குடுக்கலாம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். குழம்பை இறக்கி வைத்த பிறகுதான் எனக்கே என் மேல் எரிச்சல் வந்தது. யாருக்கு, எவ்வளவு, எப்போது, எந்த வடிவில் என்று ஒன்றையும் சொல்லாமல் 'தாராளமா' என்று ஒரு சொல்லை அள்ளிவிட்டிருக்கிறேன். இதே தப்பை, இதே இஞ்சி விஷயத்தில் ஒருமுறை செய்து, ஒரு குடும்பத்தை ஒரு வாரம் படுத்தி எடுத்தவள் நான். ரிட்டயர் ஆகி இரண்டே வருடத்தில் புத்தி பழைய இடத்துக்கே போய்விட்டது.

உடனே அவளைத் திரும்பக் கூப்பிட்டு விவரம் சொன்னேன். பாவம், பஸ்ஸில் நின்றுகொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். அவள் ஒருத்திக்குச் சொன்னால் போதாது என்று தோன்றியதால் உங்கள் எல்லோருக்குமாக இதை எழுதுகிறேன். ஊசி போடுவதையும் பிரஷர் பார்ப்பதையும் உங்களுக்கு என்னைவிட நன்றாகவே கற்றுக்கொடுத்திருப்பார்கள். அதில் நான் தலையிடப் போவதில்லை.

என்னைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. நான் குன்னூர்க்காரி. அத்தா என்று நாங்கள் கூப்பிடும் எங்கள் அப்பா மார்க்கெட்டில் இஞ்சி, பூண்டு, மிளகு வியாபாரம் செய்தவர். நர்ஸ் வேலையில் முப்பத்திரண்டு வருடம் இருந்தேன். அதில் கடைசிப் பதினான்கு வருடம் கோத்தகிரி ரோட்டில் இருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் தியேட்டரிலும், அதை ஒட்டி மயக்கம் தெளியும்வரை நோயாளிகளைப் படுக்க வைக்கும் அறையிலும் போயிற்று. எங்களுக்கென்று சொந்தமாக ஆபரேஷன் டாக்டர் கிடையாது. கோயம்புத்தூரிலிருந்து வியாழக்கிழமை தோறும் ஒருவர் மலையேறி வருவார். பன்னிரண்டரைக்குள் கேஸ்களை முடித்துக்கொண்டு இறங்கிவிடுவார். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா மட்டும் குன்னூரிலேயே குடியிருந்தார்.

மயக்கம் தெளியும்போது குமட்டலும் வாந்தியும் வருவதை நாம் ரொம்பச் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறோம். 'எல்லாருக்கும் வர்றதுதான், சரியாப் போயிடும்' என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போகிறோம். நானும் பல வருடம் அப்படித்தான் போனேன். வயிற்றில் புதுத் தையலோடு கிடப்பவருக்கு அது எவ்வளவு பெரிய பயம் என்பதைச் செல்வி வந்து சொன்ன பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

செல்விக்கு அப்போது முப்பத்து நான்கு வயது. அரவேணு பக்கத்தில் ஒரு டீ எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவள். இரண்டாவது குழந்தையை வேறு ஊர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து எடுத்திருந்தார்கள். அப்போது இரண்டு நாள் விடாமல் வாந்தி. அதன் பிறகு தழும்பின் ஓரமாகக் குடல் பிதுங்க ஆரம்பித்து, எலுமிச்சை அளவில் இருந்தது தேங்காய் மூடி அளவுக்கு வந்துவிட்டது. கொழுந்து மூட்டையைத் தூக்க முடியவில்லை. பேக்டரியில் கூட்டிப் பெருக்கும் வேலைக்கு மாற்றியிருந்தார்கள். எங்களிடம் வருவதற்கு இரண்டு வாரம் முன்பு அந்த வீக்கம் ஒரு மணி நேரம் உள்ளே போகாமல் சிக்கி நின்றிருக்கிறது. இனித் தள்ளிப்போட வேண்டாம், சிக்கிய குடல் அழுகிவிட்டால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லி, வியாழக்கிழமைக்கு நாள் குறித்திருந்தார்.

திங்கட்கிழமை பரிசோதனைக்கு வந்தவளிடம், ஏதாவது கேட்க வேண்டுமா என்று கேட்டேன். வழக்கமாக எல்லோரும் எத்தனை தையல், எத்தனை நாள் லீவு, வலிக்குமா என்றுதான் கேட்பார்கள். இவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"வாந்தி வருமாங்க சிஸ்டர்?"

"வந்தா ஊசி போட்டு நிறுத்திடலாம்மா. அதுக்கு ஏன் பயப்படறே?"

"போன தடவ ஓங்கரிக்கையில உள்ள படக்குன்னு என்னமோ விட்டுச்சுங்க. எனக்கு நல்லாத் தெரிஞ்சுது. சொன்னேன், யாரும் காதுல போட்டுக்கலீங்க. இந்தத் தடவையும் அப்படி விட்டுப்போச்சுன்னா மறுபடி தெக்கறதுக்கு வயித்துல என்னங்க மிச்சம் இருக்கும்?"

தையல் விடுவதற்கு டாக்டர்கள் பத்துக் காரணம் சொல்வார்கள். இருமல் ஒன்று, சீழ் பிடிப்பது ஒன்று, சீக்கிரமே பாரம் தூக்குவது ஒன்று. வாந்தி அந்தப் பத்தில் ஒன்றுதான். ஆனால் செல்விக்கு அது ஒன்றுதான் காரணம், அதை அவள் தன் வயிற்றுக்குள் உணர்ந்திருக்கிறாள். அவளிடம் போய் நான் பட்டியல் வாசிக்க முடியாது.

அவளோடு மல்லிகா வந்திருந்தாள். செல்வியின் கணவருடைய தங்கை. புருஷன் இறந்த பிறகு அண்ணன் வீட்டோடு வந்துவிட்டவள். செல்வியால் குடம் தூக்க முடியாமல் போனதிலிருந்து தண்ணீர், விறகு, பிள்ளைகள் எல்லாம் இவள் தலையில்தான். அதைச் சுமையாக நினைத்த மாதிரியே தெரியவில்லை. நாங்கள் பேசுவதைச் செல்வியைவிடக் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இப்போது இஞ்சிக்கு வருகிறேன். எங்கள் டாக்டரம்மா, ரொம்ப வாந்தி எடுப்பவர்கள் என்று முன்பே தெரிந்தவர்களுக்கு மட்டும், மயக்கம் கொடுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் இஞ்சிப் பொடி அடைத்த கேப்ஸ்யூல் கொடுப்பார். அளவு அவர் கணக்கு. இரண்டு வாய் தண்ணீர், அவ்வளவுதான். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குக் கொடுக்க மாட்டார். வாந்தி ஊசியையும் நிறுத்த மாட்டார். "இது ஊசிக்குப் பதில் இல்ல சிஸ்டர், ஊசிக்குத் துணை. சிலருக்குக் கேக்குது, சிலருக்குக் கேக்கறதில்ல. அதனால யாருகிட்டயும் சத்தியம் பண்ணாதீங்க" என்று என்னிடம் சொல்லியிருந்தார்.

சத்தியம் பண்ணாதீங்க என்று அவர் சொன்னது என் ஒரு காதில் நுழைந்து மறு காதில் வெளியே போய்விட்டது. காரணம் பெருமை. இத்தனை வருடம் இங்கிலீஷ் மருந்தாக எடுத்து நீட்டியவளுக்கு, எங்கள் அத்தா கடைச் சரக்கு தியேட்டர் வாசல்வரை வந்துவிட்டது என்றால் இருக்காதா? யார் வீட்டுக் கல்யாணத்திலோ நான் மாலை போட்டுக்கொண்ட கதைதான். பார்ப்பவர்களிடமெல்லாம் இஞ்சி புராணம் பாடிக்கொண்டிருந்தேன்.

அன்றும் பாடினேன். முதலில் ஒழுங்காக எல்லாம் சொன்னேன். புதன்கிழமை இரவு பத்து மணியோடு சாப்பாடு நிறுத்த வேண்டும், காலையில் வெறும் வயிற்றோடு ஏழரைக்கு வர வேண்டும், நகை வேண்டாம், பூ வேண்டாம். இருவரும் தலையாட்டினார்கள். கிளம்பும்போது செல்வியின் முகம் இன்னும் தெளியவில்லை. அவளைச் சமாதானப்படுத்தி அனுப்ப வேண்டும் என்று, "அட, ஏம்மா இப்படி இருக்கே? காலையில இஞ்சி உள்ள போச்சுன்னா வாந்தி எட்டிக்கூடப் பாக்காது. நான் சொல்றேன் பாரு" என்றேன். அதை நாங்கள் கொடுப்போம் என்றோ, கேப்ஸ்யூலாகக் கொடுப்போம் என்றோ சொல்லத் தோன்றவில்லை. எனக்குத் தெரிந்தது அவர்களுக்கும் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். செல்வி முதல்முறையாகச் சிரித்தாள். நானும் நல்ல காரியம் செய்த திருப்தியில் உள்ளே போனேன்.

வியாழக்கிழமை சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார்கள். ஒன்பது மணிக்கு முதல் கேஸ் செல்விதான். "ஏதாவது சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டேன். "இல்லீங்க, வெறும் வயிறுதானுங்க" என்றாள். தாளில் டிக் போட்டேன். எட்டு மணிக்குக் கேப்ஸ்யூலையும் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு போய், வாயைத் திற என்று குனிந்தேன். குப்பென்று இஞ்சி வாசனை அடித்தது. கேப்ஸ்யூல் இன்னும் என் கையில்தான் இருந்தது. அந்த வாசனையில் நான் ஏமாற வழியில்லை. அது பச்சை இஞ்சி, நசுக்கிப் போட்டது, பாலோடு கொதித்தது.

"என்ன குடிச்சே?"

செல்வி விழித்தாள். பக்கத்தில் நின்ற மல்லிகா சந்தோஷமாகவே பதில் சொன்னாள்.

"நாந்தானுங்க சிஸ்டர் போட்டுக் குடுத்தேன். நீங்க சொன்னீங்கல்லங்க, காலையில இஞ்சி உள்ள போகணும்னு. நல்லாத் தட்டி டீயில போட்டு, பால் ஊத்தி, ஒரு சொம்பு முழுக்கக் குடுத்தேனுங்க. அண்ணிக்குக் காரம் ஆகாது, இருந்தும் மூச்சுப் பிடிச்சுக் குடிச்சுட்டாங்க."

"எத்தன மணிக்கு?"

"ஆறு மணிக்குங்க."

பால் சேர்ந்துவிட்டால் அது சாப்பாட்டுக் கணக்கு என்பதும், ஆறு மணி நேரம் இடைவெளி வேண்டும் என்பதும், வயிற்றில் இருப்பது மயக்கத்தில் மேலே ஏறி நுரையீரலுக்குள் இறங்கினால் என்ன ஆகும் என்பதும் உங்களுக்குத் தெரியும். செல்வி பொய் சொல்லவில்லை. நம் மலையில் டீயை யார் கணக்கில் சேர்க்கிறார்கள்? கண் விழித்ததும் ஒரு டீ, வேலைக்கு இறங்கும் முன் ஒரு டீ. இரண்டு டம்ளர் உள்ளே போன பிறகும் 'காலையிலிருந்து பச்சைத் தண்ணி பல்லுல படல' என்று நானே வீட்டில் சொல்லியிருக்கிறேன். கீழே இருந்து வரும் டாக்டருக்கு இது தெரியாமல் இருக்கலாம். இங்கேயே பிறந்து வளர்ந்த எனக்குத் தெரியாது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? சாப்பிட்டாயா என்று கேட்டேனே தவிர, டீ குடித்தாயா என்று கேட்கவில்லை.

ஒரு கணம் சபலம் வந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். ஒன்பதுக்குள் மூன்று மணி நேரம் ஆகிவிடும், யாருக்குத் தெரியப்போகிறது என்று ஒரு நினைப்பு எட்டிப் பார்த்தது. வந்த வேகத்திலேயே போய்விட்டது. நேராகப் போய் டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "பன்னண்டு மணிக்கு முன்னால தொட மாட்டேன்" என்றார். பன்னிரண்டுக்குத் தொடங்கினால் ஆபரேஷன் டாக்டர் நிற்க மாட்டார், மதியம் அவருக்குக் கோயம்புத்தூரில் வேறு கேஸ். ஆக, அடுத்த வியாழன். அதுவரை அந்த வீக்கம் மறுபடி சிக்காமல் இருக்க வேண்டும்.

ஆபரேஷன் டாக்டர் கையைக் கழுவத் தயாராக இருந்தவர், கோபத்தோடு வெளியே வந்தார், பின்னாலேயே டாக்டரம்மாவும். "ஆபரேஷன் அன்னைக்குக் காலையில இஞ்சி டீ குடிக்கச் சொன்னது யாரு?" என்று கேட்டார்.

மல்லிகா என்னைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "யாரும் சொல்லலீங்க சார். நானாத்தான் குடுத்தேன். புத்தியில்லாமப் பண்ணிட்டேனுங்க" என்றாள்.

"படிச்சுப் படிச்சுச் சொன்னாலும் கேக்கறதில்ல" என்று அவளைத் திட்டினார் டாக்டர். நான் அங்கேதான் நின்றிருந்தேன். மூன்றடி தூரம். 'நான்தான் சார் சொன்னேன்' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லவில்லை. அடுத்த கேஸின் தாள்களை எடுத்து, அதில் ஏற்கனவே சரியாக எழுதியிருந்த பெயரை மறுபடி சரிபார்த்தேன். செல்வி மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு மெதுவாக நடந்து போனாள். வாசலில் அழுதாள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அன்று மாலை வீட்டில், மல்லிகா என் மேல் இருந்த மரியாதையால் என்னைக் காப்பாற்றிவிட்டாள், என்ன நல்ல மனசு என்று மருகிக்கொண்டிருந்தேன். அப்படி நினைத்துக்கொள்வது எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது, வெட்கக்கேடு.

வெள்ளிக்கிழமை, வீக்கம் எப்படி இருக்கிறது என்று கேட்கப் போன் செய்தேன். செல்வியின் கணவர் எடுத்தார்.

"இப்பைக்குப் பரவால்லீங்க. ஆனா ஆபரேஷன் வேண்டாமுங்க சிஸ்டர். மொதத் தடவையே தடங்கலாயிருச்சு. தை பொறந்தாப் பாத்துக்கலாமுங்க."

"தைக்கு இன்னும் அஞ்சு மாசம் இருக்கு. அதுவரைக்கும் தாங்காதுங்க."

"அண்ணாந்து பாத்துத் துப்புனா யாரு மேல விழும்? எல்லாம் எங்கூட்டுக் கழுத பண்ணுன வேலைங்க. அவகிட்ட நான் பேசறதே இல்லீங்க."

கழுதை என்று அவர் சொன்னது மல்லிகாவை. வாயை மூடிக்கொண்டு நின்ற அந்த அரை நிமிடத்துக்கு அங்கே ஒருத்தி, தனக்கு இருக்கும் ஒரே வீட்டில், பேச ஆளில்லாமல் இருக்கிறாள். அது மட்டுமா? செல்விக்கும் இனி ஆபரேஷன் கிடையாது.

சனிக்கிழமை டாக்டரம்மாவைத் தனியாகப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை.

"எனக்கு அன்னைக்கே தெரியும் சிஸ்டர். அந்தப் பொண்ணு பதில் சொல்றதுக்கு முன்னால உங்க மூஞ்சியத்தான் பாத்துச்சு."

"தெரிஞ்சும் ஏன் டாக்டர் கேக்கல?"

"நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்தேன். இப்ப என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? நான் யாரோடயும் பேசாம இல்லையே. அங்க போய்ச் சொல்லுங்க. போறப்ப, திங்கக்கிழமை சொல்லாம விட்டதையும் சேத்துச் சொல்லிட்டு வாங்க."

அந்த அம்மா கத்தியிருந்தால் நானும் ஏதாவது பதில் பேசித் தப்பித்திருப்பேன். கத்தாததால் வேறு வழியில்லாமல் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை அரவேணுவில் பஸ் இறங்கி, டீத் தோட்டத்துக்கு நடுவே இருந்த படி வழியாக தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்கு இறங்கினேன். தூறல் இருந்தது. வழியெல்லாம் என்ன சொல்வது, எப்படித் தொடங்குவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். 'தகவல் சரியாகப் போய்ச் சேரவில்லை' என்று ஒரு வாக்கியம் தயார் செய்திருந்தேன். யார் மேலும் பழி விழாத, வழவழப்பான வாக்கியம்.

செல்வி கட்டிலில் சாய்ந்திருந்தாள். கணவர் எழுந்து நாற்காலி போட்டார். மல்லிகா அடுப்பங்கரை வாசலில் நின்றாள், உள்ளே வரவில்லை. என்னைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்தது. அந்த முகத்தைப் பார்த்ததும் தயார் செய்த வாக்கியம் மறந்துபோனது. நல்லதாயிற்று.

"அன்னைக்கு இஞ்சி குடுக்கச் சொன்னது நான்" என்றேன். "மல்லிகா மேல தப்பே இல்லீங்க. காலையில இஞ்சி உள்ள போனா வாந்தி வராதுன்னு நான்தான் சொல்லி அனுப்புனேன். அத ஆஸ்பத்திரியில நாங்க குடுப்போம்னு சொல்லல. டீ குடிக்கக் கூடாதுன்னும் சொல்லல. டாக்டர் கேட்டப்ப நான் வாயத் தெறக்கல."

செல்வியின் கணவர் டீச் செடிகளைக் கவாத்து வெட்டுகிறவர், பேச்சுக் குறைவு.

"ஏனுங்க சிஸ்டர், அதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"சொல்லியிருக்கணும். பயமா இருந்துச்சு."

"உங்களுக்கேவா?" என்றார். கிண்டலாகக் கேட்கவில்லை, உண்மையாகவே வியந்தார். அது கிண்டலாக இருந்திருந்தால் எனக்கு இன்னும் லேசாக இருந்திருக்கும்.

பிறகு அவர் அடுப்பங்கரைப் பக்கம் திரும்பி, "மல்லிகா, சிஸ்டருக்கு டீ வையி" என்றார். நான்கு நாளில் தங்கையிடம் அவர் பேசிய முதல் பேச்சு அதுதான் என்று செல்வி என் காதோடு சொன்னாள்.

டீ வந்த பிறகு, இந்த முறை ஒழுங்காகச் சொன்னேன். ஒரு தாளில் எழுதியும் கொடுத்தேன். ராத்திரி பத்தோடு சாப்பாடு நிறுத்த வேண்டும். டீயும் சாப்பாடுதான், அரை டம்ளர் என்றாலும் சாப்பாடுதான். காலையில் ஆறு மணிவரை தாகம் எடுத்தால் பச்சைத் தண்ணீர் மட்டும் குடிக்கலாம். இஞ்சி, சுக்கு எதுவும் வீட்டில் வேண்டாம், அதை அளந்து நாங்கள் கொடுப்போம். அதோடு விடவில்லை, திருப்பிச் சொல்லச் சொன்னேன். செல்வி சொன்னாள். பிறகு அவள் கணவர் கேட்காமலே சொன்னார். மல்லிகா மட்டும் சொல்லவில்லை, அவளைச் சொல்லச் சொல்லி நானும் கேட்கவில்லை. இஞ்சி கொடுத்தாலும் வாந்தி வராது என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்பதையும் சொன்னேன். செல்வியின் முகம் வாடியது. வாடினாலும் பரவாயில்லை என்று விட்டுவிட்டேன். அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

"அப்படி வந்துச்சுன்னா?" என்றாள்.

"வந்தா நான் பக்கத்துல இருப்பேன். வயித்த எப்படிப் பிடிச்சுக்கணும்னு இப்பவே காட்டறேன்." ஒரு போர்வையை மடித்துத் தழும்பின் மேல் அணைத்துப் பிடிக்கப் பழக்கிவிட்டு வந்தேன்.

அடுத்த வியாழன் அவர்கள் மூன்று பேருமாக வந்தார்கள். வீக்கம் அந்த வாரம் சிக்கவில்லை. அதற்கு நான் காரணம் இல்லை, எங்கள் அதிர்ஷ்டம். தியேட்டருக்குள் போகும் முன், சென்ற வாரம் இஞ்சி டீ விஷயத்தில் தப்பு என்னுடையது என்று ஆபரேஷன் டாக்டரிடம் சொன்னேன். அவருக்கு அது பாதி மறந்தே போயிருந்தது. "சரி சரி, இன்னைக்கு ஒழுங்கா இருக்கா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அவ்வளவுதான். இதற்கா நான்கு நாள் ஒருத்தியைப் பலி கொடுத்தேன் என்றிருந்தது.

எட்டு மணிக்குக் கேப்ஸ்யூல், இரண்டு வாய் தண்ணீர். ஒன்பதுக்கு உள்ளே போனாள், பதினொன்று தாண்டி வெளியே வந்தாள். குடல் மறுபடி பிதுங்காமல் இருக்க உள்ளே வலை வைத்துத் தைத்திருந்தார்கள். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

கண் திறந்ததும் அவள் கை வயிற்றைத் தேடியது. மடித்த போர்வையை எடுத்துக் கையில் கொடுத்தேன். பத்து நிமிடம் ஒன்றும் இல்லை. பிறகு உதடு வெளிறி, எச்சில் ஊற ஆரம்பித்தது. அந்த அறிகுறி உங்களுக்குத் தெரியும்.

"வருதுங்க சிஸ்டர்."

"வரட்டும். போர்வையப் பிடி. மூக்கால இழுத்து வாயால மெல்ல விடு."

தலையைப் பக்கவாட்டில் திருப்பினேன். அவள் இன்னொரு கையால் என் மணிக்கட்டைப் பிடித்தாள். கொழுந்து பறிக்கிற கை, எலும்பு நொறுங்கிவிடும் போல இருந்தது. ஒருமுறை தொண்டை ஏறி இறங்கியது. இன்னொருமுறை. டாக்டரம்மா அடுத்த ஊசியை எடுத்துக்கொண்டு வந்து நின்றார், போடவில்லை, பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது முறை வெறும் விக்கலாக வந்து போயிற்று. பிறகு செல்வி கண்ணை மூடி, பிடியை விட்டுத் தூங்கிப்போனாள். அன்று முழுவதும் அவள் வாந்தி எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை.

இஞ்சி செய்ததா, ஊசி செய்ததா, டாக்டரம்மா மயக்கத்தை மென்மையாகக் கொடுத்தது செய்ததா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. தெரியாது என்றுதான் நீங்களும் சொல்ல வேண்டும். இஞ்சியை நான் இன்றும் குறைத்துப் பேச மாட்டேன், எங்கள் வீட்டுக்குச் சோறு போட்ட சரக்கு அது. ஆனால் சமையலறைச் சாமான் ஒன்றை மருந்தாகக் கொடுக்கிறீர்கள் என்றால், அறியாத பெயர் கொண்ட மருந்துக்குச் சொல்வதைவிட இரண்டு மடங்கு விளக்கமாகச் சொல்லுங்கள். தெரியாத மருந்தென்றால் எல்லோரும் பயந்து, எப்படிச் சாப்பிட வேண்டும் என்று நாலு தடவை கேட்பார்கள். இஞ்சியைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள், அது எப்படி என்று அவர்களுக்கு ஏற்கனவே தெரியும்.

மூன்றாம் நாள் செல்வி தானாக எழுந்து நடந்தாள். வராந்தாவில் வெயில் வந்திருந்தது. மல்லிகா பெஞ்சில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். இவளிடம் ஒரு வார்த்தை நன்றி சொல்லாவிட்டால் என் மனசு ஆறாது என்று போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அன்னைக்கு நீ என்னக் காட்டிக் குடுக்கல மல்லிகா. என் மேல அவ்வளவு பிரியமா? அத நான் மறக்க மாட்டேன்."

அவள் துணி மடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். பாசாங்கு தெரியாத பெண்.

"அப்படியெல்லாம் இல்லீங்க சிஸ்டர். உங்க பேரச் சொன்னா நீங்க கோவிச்சுக்குவீங்கன்னு பயந்துட்டேனுங்க. அண்ணி மயக்கம் தெளிஞ்சு கண்ணு முழிக்கையில பக்கத்துல இருக்கப்போறது நீங்கதானுங்களே. எங்க மேல கோவம் இருந்தா அவங்களச் சரியாப் பாப்பீங்களோ மாட்டீங்களோன்னுதான் சொல்லலீங்க."

'சேச்சே, நான் கோபித்திருக்க மாட்டேன்' என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. கோபித்திருப்பேன்.